நோயை முதலில் யாரிடம் சொல்ல வேண்டும்?

மஸ்கட்டில் வேலை செய்யும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது: "கடலூர் முதுநகரில் இருக்கும் என் அப்பாவுக்கு வயது 68. புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனையில் இரைப்பைப் புற்றுநோய் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டை அண்ணன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அப்பாவுக்கு மட்டும் தெரியாது. வயிற்றுப் புண் என்று சொல்லிவிடுங்கள் என்று அண்ணன் கேட்டதற்கு அங்கிருந்த இளம் மருத்துவர் மறுத்துவிட்டார். கீமோவுக்கு அப்பாவே கையெழுத்துப் போட வேண்டுமாம். தாத்தா காலத்தில் டாக்டர்கள் வீட்டுப் பெரியவரிடம்தான் சொல்வார்கள். மருத்துவ அறம் என்பது இப்போது வழக்குக்குப் பயந்து காகிதம் சேர்ப்பதாக மாறிவிட்டதா? நான் ஊருக்கு வரும்வரை தள்ளிப்போடச் சொல்லலாமா?"

தம்பி, அந்த மருத்துவர் மறுத்தது சரி. சிகிச்சையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். இந்த இரண்டுக்கும் காரணத்தைக் கீழே சொல்கிறேன். நடுவில் நீங்கள் கேட்டிருப்பது, அறம் மாறிவிட்டதா என்பது, சுருக்கமாகச் சொல்லி முடிக்கக் கூடியதாக இல்லை. புதுச்சேரியிலும் கடலூரிலும் பல ஆண்டுகள் செவிலியராக இருந்துவிட்டு, பிறகு செவிலிய மாணவிகளுக்கு இதே பாடத்தை நடத்தியவள் நான். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் அண்ணனைப் பற்றி. அப்பா மனம் உடைந்துவிடுவார், சாப்பாட்டை விட்டுவிடுவார், சிகிச்சையே வேண்டாம் என்று உட்கார்ந்துவிடுவார் என்ற அவருடைய பயம் அன்பிலிருந்து வருவது. வார்டு வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு "சிஸ்டர், அவருக்குத் தெரிய வேண்டாம்" என்று கெஞ்சிய மகன்களையும் மகள்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் ஏமாற்ற நினைத்தவர்கள் இல்லை. அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் பேசுங்கள்.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லலாம். அவர் கேட்டதுதான் ஒரு காலத்தில் உலகெங்கும் மருத்துவ அறமாக இருந்தது. இங்கிலாந்தில் தாமஸ் பெர்சிவல் என்ற மருத்துவர் 1803இல் மருத்துவர்களுக்கான நடத்தை விதிகளைத் தொகுத்தார். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1847இல் வெளியிட்ட நெறிமுறை அவரைப் பெரிதும் பின்பற்றியது. நோயாளியின் மனம் தளரும்படியான கணிப்புகளைச் சொல்ல முந்திக்கொள்ளாதே. ஆபத்து இருந்தால் உரிய நேரத்தில் நெருங்கியவர்களிடம் சொல். தவிர்க்கவே முடியாவிட்டால் மட்டும் நோயாளியிடம் சொல் என்பது அதன் சாரம். நம் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவப் பள்ளி தொடங்கிய 1823ஆம் ஆண்டு இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது. அன்றைய மருத்துவ உலகம் அறம் என்று சொன்னது மருத்துவரின் குணத்தையும் கண்ணியத்தையும்தான். நோயாளிக்கு அதில் உரிமை என்று தனியாக ஒன்றும் இல்லை. நல்ல மருத்துவர் கிடைப்பது அவருடைய அதிர்ஷ்டம்.

இந்த வழக்கம் மிக அண்மைக்காலம்வரை நீடித்தது. 1961இல் அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையின் மருத்துவர்களிடம் கேட்டபோது, புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்வதில்லை என்ற பக்கமே ஏறத்தாழ 90 சதவீதம் பேர் நின்றார்கள். 1979இல் அதே மாதிரிக் கேள்வியை மறுபடி கேட்டபோது 97 சதவீதம் பேர் சொல்வோம் என்றார்கள். 18 ஆண்டுகளில் ஒரு தொழிலின் மனசாட்சி தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. உண்மை பேசுவது நல்லது என்று மருத்துவர்களுக்குத் திடீரென்று தோன்றியதால் மட்டும் இது நடக்கவில்லை.

ஒரு காரணம் சிகிச்சை. செய்வதற்கு ஒன்றுமில்லாத காலத்தில் மறைப்பது எளிது. மாதக்கணக்கில் கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்து, முடி கொட்டி, இரத்த அணுக்கள் குறைந்து, இத்தனையையும் "வயிற்றுப் புண்ணுக்கு மருந்து" என்று சொல்லிக் காப்பாற்ற முடியாது. இன்னொரு காரணம், மறைப்பதன் கொடிய முகத்தை உலகம் பார்த்தது. நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கின் முடிவில் 1947இல் நியூரம்பெர்க் நெறிகள் வந்தன. மனிதர்மீது எந்தப் பரிசோதனைக்கும் அவர் தானாக முன்வந்து தரும் சம்மதம் இன்றியமையாதது என்பது அதன் முதல் விதி. அதற்குப் பிறகும் அமெரிக்காவின் டஸ்கிகீயில், 1932இல் தொடங்கிய ஆய்வு ஒன்று நடந்துகொண்டே இருந்தது. சிபிலிஸ் நோயுள்ள ஏறத்தாழ 400 கறுப்பின ஆண்களிடம் உங்களுக்கு "கெட்ட இரத்தம்" என்று மட்டும் சொல்லி, பென்சிலின் கிடைத்த பிறகும் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1972இல் செய்தித்தாள்களில் வெளிவந்த பிறகுதான் அது நின்றது.

உங்கள் அண்ணனின் "வயிற்றுப் புண்"ணையும் டஸ்கிகீயின் "கெட்ட இரத்த"த்தையும் நான் ஒன்றாக்கவில்லை. ஒன்று பாசத்தில் சொல்வது, மற்றது கொடுமை. ஆனால் படுக்கையில் இருப்பவரின் நிலை இரண்டிலும் ஒன்றே: தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று சுற்றியிருக்கிற எல்லோருக்கும் தெரியும், தனக்குத் தெரியாது. சொல்பவரின் நோக்கம் நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க அவருக்கு வழியே இல்லை. அதனால்தான் அறம் மருத்துவரின் நல்ல மனத்தை நம்பி நிற்பதிலிருந்து நோயாளியின் உரிமைக்கு நகர்ந்தது. உலக மருத்துவச் சங்கம் 1948இல் ஜெனீவாவில் வகுத்த மருத்துவர் உறுதிமொழியில், நோயாளியின் தன்னுரிமையை மதிப்பேன் என்ற வரி 2017இல்தான் சேர்ந்தது. அவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். இங்கே கதை இன்னும் சிக்கலானது, உங்கள் குடும்பத்தின் குழப்பத்துக்கு வேரும் இங்கேதான் இருக்கிறது.

இந்திய மருத்துவக் கவுன்சில் 2002இல் வெளியிட்ட நடத்தை விதிகள்தாம் இன்றும் நடைமுறையில் உள்ளன. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளை அறிவித்து, அதே மாதத்திலேயே நிறுத்திவைத்துவிட்டது. 2002 விதிகளில் நோயின் நிலையைத் தெரிவிப்பது பற்றிய பகுதியைப் படித்தால் வியப்பாக இருக்கும். மிகைப்படுத்தாதே, குறைத்தும் சொல்லாதே என்று தொடங்கிவிட்டு, நோயாளியோ உறவினர்களோ பொறுப்பான நண்பர்களோ, நோயாளிக்கும் குடும்பத்துக்கும் நன்மை தரும் அளவுக்கு நிலைமையை அறிந்திருக்கும்படி பார்த்துக்கொள் என்கிறது. நோயாளி, உறவினர், நண்பர் எல்லோரும் ஒரே வரிசையில். அறுவைச் சிகிச்சைக்கான சம்மதத்தைப் பற்றிய விதியும் அப்படித்தான்: கணவன் அல்லது மனைவி, சிறாராக இருந்தால் பெற்றோர், அல்லது நோயாளியே என்று போகிறது. நோயாளி கடைசியில் வருகிறார்! நம் ஊர் வார்டுகளில் "அட்டெண்டர் யாரு, வந்து கையெழுத்துப் போடுங்க" என்று கூப்பிடும் வழக்கத்துக்கு இந்த விதியே இடம் கொடுத்தது என்று நான் நினைக்கிறேன்.

இந்த ஓட்டையை அடைத்தது 2008 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு: சமீரா கோலி வழக்கு. இதை ஒவ்வொரு ஆண்டும் மாணவிகளுக்கு விரிவாகச் சொல்வேன், உங்களுக்கும் சொல்கிறேன். 1995இல் டெல்லியில், திருமணமாகாத 44 வயதுப் பெண் ஒருவர் நீடித்த இரத்தப்போக்குக்காக ஒரு கிளினிக்குக்குப் போனார். லேப்ராஸ்கோப்பி மூலம் உள்ளே பார்த்துச் சோதிப்பதற்குக் கையெழுத்துப் போட்டார். மயக்கத்தில் இருந்தபோது, கருப்பையை எடுத்துவிடுவது நல்லது என்று மருத்துவர் முடிவு செய்தார். வெளியே காத்திருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கி, கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார். விழித்தெழுந்த பெண்ணுக்குத் தன் உடம்பிலிருந்து என்ன போனது என்பதே பிறகுதான் தெரிந்தது.

அந்த மருத்துவர் கெடுதல் செய்ய நினைக்கவில்லை. தம் அறிவுக்கு எட்டியவரை நல்ல சிகிச்சை என்றே செய்தார். நீதிமன்றமும் அவருடைய நோக்கத்தைப் பழிக்கவில்லை. ஆனாலும் அது அனுமதியில்லாத செயல் என்று தீர்ப்பளித்தது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை. நோயாளி வயதுவந்தவர், தானே முடிவெடுக்கக் கூடியவர். மயக்கம் தெளியும்வரை காத்திருந்து அவரையே கேட்டிருக்கலாம். அப்படிப்பட்டவருக்காகப் பெற்ற தாய்கூடச் சம்மதம் தர முடியாது. சோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது. ஒரு சிகிச்சைக்குத் தந்தது இன்னொன்றுக்குச் செல்லாது. என்ன சிகிச்சை, எதற்கு, வேறு வழி உண்டா, என்ன ஆபத்து, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் போதுமான அளவு சொல்லியிருக்க வேண்டும். அமெரிக்காவில் கேட்கும் அளவுக்கு எல்லா நுணுக்கங்களையும் அடுக்க வேண்டியதில்லை, நம் நாட்டு நிலைமைக்குப் போதுமான தகவல் என்பதே அளவுகோல் என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். நிதானமான தீர்ப்பு அது.

இதை உங்கள் அப்பாவுக்குப் பொருத்திப் பாருங்கள். அவர் நினைவோடு இருக்கிறார், தன் காலில் நடந்து ஓ.பி. சீட்டு வாங்கியிருக்கிறார். அண்ணனின் கையெழுத்து அந்தப் படிவத்தில் சாட்சிக் கையெழுத்தாக இருக்கலாமே தவிர, சம்மதமாக ஆகாது. வயிற்றுப் புண் என்று நம்பி அப்பா போடும் கையெழுத்தும் சம்மதமாகாது. எதற்கென்று தெரியாமல் போட்டது அது. இளம் மருத்துவர் பிடிவாதமாக இருந்ததற்கு அடிப்படை இதுதான்.

வழக்குப் பயம் இல்லையா என்றால், இருக்கிறது. 1995இல் சாந்தா வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு, கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தது. அன்றிலிருந்து ஒப்புதல் படிவங்கள் பக்கம் பக்கமாக வளர்ந்தன. அவற்றில் பல மருத்துவமனையைக் காப்பாற்ற எழுதப்பட்டவை என்பதை நானே சொல்கிறேன். இரவு பத்து மணிக்கு, மறுநாள் அறுவைச் சிகிச்சைக்கு, ஆங்கிலத்தில் அச்சடித்த தாளை நீட்டி, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று விரல் வைத்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவதை அறம் என்று எந்த நீதிமன்றத்திலும் நான் சொல்ல மாட்டேன். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவிடம் மையைத் தடவிப் பெருவிரலை அழுத்தி எடுப்பதையும் பார்த்திருக்கிறேன். அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் வாசித்துக் காட்டவில்லை.

இங்கே எங்கள் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்தெல்லாம் புதுச்சேரிக்கு நோயாளிகள் வருகிறார்கள். பெரிய நிறுவனங்களில் பயிற்சி மருத்துவர்கள் நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் வந்து சேர்கிறார்கள். பலர் சில மாதங்களில் அழகாகத் தமிழ் பழகிக்கொள்கிறார்கள். அதுவரை, "வலி எங்கே" என்று கேட்குமளவு தமிழ் போதும், "உங்கள் நோய் இரைப்பைக்கு வெளியே பரவியிருக்கலாம்" என்று சொல்லப் போதாது. அந்த இடைவெளியை நிரப்புவது யார்? கட்டிலருகே நிற்கும் செவிலியர், சில சமயம் வார்டு ஊழியர், பல சமயம் நோயாளியின் மகனே. மறைக்க விரும்பும் மகனிடமே மொழிபெயர்ப்பையும் ஒப்படைத்தால் அப்பாவின் காதுக்கு என்ன போய்ச் சேரும்? சம்மதம் பற்றிய சட்டங்கள் எவ்வளவு வளர்ந்தாலும், இந்த ஒரு மொழிபெயர்ப்பு சரியாக நடக்காவிட்டால் எல்லாம் வீண். இதற்கென்று பயிற்சி பெற்ற ஆட்களை வைப்பதை எந்த மருத்துவமனையும் ஆடம்பரம் என்று நினைக்கக் கூடாது.

நேரமும் இதே வகைதான். நூற்றுக்கணக்கானோர் டோக்கனோடு காத்திருக்கும் காலையில், ஒரு மருத்துவர் ஒரு முதியவரோடு உட்கார்ந்து அரைமணி நேரம் பேச எப்படி முடியும்? அதையும் மீறிப் பேச முயன்றவரைத்தான் உங்கள் அண்ணன் சந்தித்திருக்கிறார். எம்.பி.பி.எஸ். படிப்பில் 2019 முதல் மனப்பான்மை, நெறிமுறை, உரையாடல் மூன்றையும் சேர்த்து ஒரு தனிப் பாடத்தொகுதி வந்திருக்கிறது; கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று மாணவர்கள் நடித்துப் பார்த்துப் பழகுகிறார்கள். எங்கள் காலத்து மருத்துவர்களுக்கு இது கிடைக்கவில்லை. மூத்தவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள், மூத்தவர் சரியில்லை என்றால் அவ்வளவுதான். அந்த இளைஞர் புதிய பாடத்திட்டத்தில் படித்தவராக இருந்தால் அவருடைய உறுதியில் எனக்கு வியப்பில்லை.

ஒரு நிகழ்ச்சி. எங்கள் கடற்கரை ஊர்களில் ஒன்றைச் சேர்ந்த மீனவர் ஒருவர், கல்லீரலில் நோய் முற்றி வார்டில் இருந்தார். மஞ்சள்காமாலை, பத்தியம் இருந்தால் சரியாகிவிடும் என்று பிள்ளைகள் சொல்லி வைத்திருந்தார்கள். ஒரு விசைப்படகில் அவருக்குப் பங்கு இருந்தது. யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும் என்பதெல்லாம் அவர் மனக்கணக்கில் மட்டுமே இருந்தது. எழுத்தில் ஒன்றும் இல்லை. குணமாகி வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நம்பிக்கொண்டிருந்தார். ஒரு விடியற்காலையில் நினைவு தப்பியது, திரும்பவில்லை. படகுப் பங்கு தகராறில் போனது. கடன் கொடுத்தோம் என்று வந்தவர்களில் யார் உண்மை, யார் பொய் என்று அவருடைய மனைவிக்குத் தெரியவில்லை. கடைசி வாரத்தில் அவர் என்னிடம், "சிஸ்டர், இவங்க எதையோ மறைக்கிறாங்க" என்று சொல்லியிருந்தார். அவருக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் பிள்ளைகள் வருத்தப்படுவார்களே என்று தெரியாதவர்போல் இருந்தார். பிள்ளைகள் அவருக்காக நடித்தார்கள், அவர் பிள்ளைகளுக்காக நடித்தார். பேச வேண்டியதைப் பேசாமலே எல்லோரும் பிரிந்தார்கள்.

மறைப்பது நோயாளியைக் காக்கிறது என்ற நம்பிக்கைக்கு என் அனுபவம் துணை நிற்கவில்லை. மருத்துவமனைக் கட்டடத்தின் பெயர்ப் பலகையையே அவர் படிக்கிறார். கீமோ ஏற்றும் நாற்காலியில் பக்கத்தில் இருப்பவர், "உங்களுக்கு எந்த இடத்துல?" என்று முதல் நாளே கேட்டுவிடுகிறார். உங்கள் வீட்டில் பேரப்பிள்ளைகள் வரைக்கும் வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டார்கள். அப்பாவுக்கு என்றாவது தெரியத்தான் போகிறது. உங்களிடமிருந்து தெரிந்துகொள்கிறாரா, அந்நியரிடமிருந்து தெரிந்துகொள்கிறாரா என்பது மட்டுமே உங்கள் கையில் இருக்கிறது.

அந்த ரிப்போர்ட்டைக் குழுவிலிருந்து நீக்கிவிடச் சொல்லுங்கள், தம்பி. அது அப்பாவுடையது. அந்தரங்கம் பற்றிய அறமும் பெரிதாக மாறியிருக்கிறது, எச்.ஐ.வி. தொற்றுதான் நம் நாட்டில் அதைக் கற்றுக்கொடுத்தது. வார்டில் கட்டிலுக்கு மேலே எழுதித் தொங்கவிட்ட காலம் எனக்கு நினைவிருக்கிறது. அதனால் வேலை போனவர்கள், ஊரை விட்டுப் போனவர்கள் உண்டு. 2017இல் வந்த எச்.ஐ.வி. சட்டம், நோயாளியின் சம்மதமில்லாமல் சோதிக்கவும் அவருடைய நிலையை வெளியிடவும் தடை விதித்தது. கண்டிப்பாகப் பார்த்தால், அப்பாவைக் கேட்காமல் அண்ணனிடம் முடிவைச் சொன்னதே முறையில்லை என்று அந்த இளம் மருத்துவர் சொல்லக்கூடும். நம் குடும்ப அமைப்பில் அவ்வளவு கறாராக இருக்க நான் சொல்ல மாட்டேன். ஆனால் முறை எது என்று தெரிந்துகொண்டு தளர்த்துவது வேறு, தெரியாமலே மீறுவது வேறு.

அப்படியானால் அப்பாவின் முகத்துக்கு நேரே "உங்களுக்குக் கேன்சர்" என்று போட்டு உடைக்க வேண்டுமா? வேண்டாம். புதிய அறத்தைப் பற்றிப் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. இளம் மருத்துவர்களிலும் சிலர் அப்படிப் புரிந்துகொண்டு, ரிப்போர்ட்டை ஒப்பிப்பதுபோல் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது பழைய மறைப்பைவிடக் கொடியது. கெட்ட செய்தி சொல்வதற்கு ஸ்பைக்ஸ் என்ற பெயரில் 2000இல் புற்றுநோய் மருத்துவர்கள் வகுத்த ஆறு படிகளில் எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது: எதையும் சொல்வதற்கு முன், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று நோயாளியைக் கேட்பது. நானே பேச நேர்ந்தபோதெல்லாம் முதலில், "ஐயா, உங்களுக்கு என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்றுதான் தொடங்கினேன். பாதிப் பேர் அந்தக் கேள்விக்கே நோயின் பெயரைச் சொல்லிவிடுவார்கள்.

உங்கள் அப்பா, "எனக்கு எல்லாம் தெரிய வேண்டாம், பெரியவனிடம் சொல்லுங்கள், அவன் முடிவு பண்ணுவான்" என்றும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் அதை மதிக்க வேண்டும். தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் அவர் உரிமை. மருத்துவர் அதை நோயாளிக் குறிப்பில் எழுதி வைத்துக்கொண்டு, சிகிச்சையை மேலோட்டமாக அப்பாவுக்கும் விவரமாக அண்ணனுக்கும் விளக்குவார். நம் சமூகத்தில் குடும்பத்தோடு சேர்ந்து முடிவெடுப்பதே இயல்பு; அதை மேற்கத்தியத் தனிமனித உரிமை வந்து அழிக்கிறது என்ற குற்றச்சாட்டை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அப்பாவாகவே பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுத்தால் அது குடும்பத்தோடு சேர்ந்து எடுத்த முடிவு. அவரைக் கேட்காமல் பிள்ளை எடுத்துக்கொண்டால், குடும்பத்திலிருந்து அப்பாவை வெளியே தள்ளியதாக ஆகும். குறிப்பாகப் பெண்களுக்கு இது அதிகம் நடக்கிறது. கருப்பையை எடுப்பதா, மார்பகத்தை எடுப்பதா என்ற பேச்சு கணவருக்கும் மாமியாருக்கும் நடுவிலேயே முடிந்துவிடும்; அந்தப் பெண் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உங்கள் அம்மாவுக்கு இதே நோய் வந்திருந்தால் இந்தக் கேள்வி உங்களுக்கு எழுந்திருக்குமா என்றும் யோசித்துப் பாருங்கள்.

அறம் மாறிக்கொண்டிருப்பது இத்தோடு நிற்கவில்லை. எங்கள் புதுச்சேரியிலேயே 1975 முதல் நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவை உடம்பில் கொண்ட ஏடிஸ் கொசு வகைகள் இரண்டை உருவாக்கியிருப்பதாக 2022இல் அதன் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அத்தகைய கொசுவின் உடலில் டெங்கு வைரஸ் பெருகுவது குறையும். நல்ல முயற்சி. ஆனால் அப்படியொரு கொசுவை ஒரு தெருவில் விடுவதென்றால் யாரிடம் சம்மதம் கேட்பது? ஒரு வீடு சரி என்கிறது, அடுத்த வீடு வேண்டாம் என்கிறது. கொசுவுக்குச் சுவர் தெரியாது. ஒருவரின் கையெழுத்தை மையமாக வைத்து வளர்ந்த அறத்தால் இதற்கு விடை சொல்ல முடியாது. ஊர்க்கூட்டம், தெளிவான விளக்கம், எதிர்ப்பவரின் பேச்சையும் கேட்பது என்று வேறு வழிகள் வேண்டும். ஒருவரின் சம்மதம் போதாத இத்தகைய கேள்விகள் இனி நிறைய வரும் என்று நினைக்கிறேன்.

கமிஷன், மருந்து நிறுவனங்களின் பரிசுகள் பற்றியும் விதிகள் இருக்கின்றன. ஸ்கேனுக்கு அனுப்பியதற்காகப் பங்கு வாங்குவது 2002 விதிகளிலேயே தடை. மருந்து நிறுவனங்களுக்கும் 2024இல் ஒரு நடத்தைத் தொகுப்பு வந்தது. இந்தப் பகுதியில் எழுத்து மாறிய அளவுக்கு நடப்பு மாறவில்லை என்பது என் கருத்து. உங்கள் அப்பாவுக்கு வெளியே ஏதாவது சோதனை எழுதிக்கொடுத்து, இந்த இடத்தில்தான் எடுக்க வேண்டும் என்று வற்புறுத்தினால், ஏன் என்று தயங்காமல் கேளுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. நீங்கள் வரும்வரை கீமோவைத் தள்ளிப்போடாதீர்கள். எப்போது தொடங்குவது என்பது நோயின் கட்டத்தைப் பொறுத்தது, உங்கள் விடுமுறையைப் பொறுத்தது இல்லை. அடுத்த முறை போகும்போது அண்ணன் மருத்துவரைத் தனியாகப் பார்த்து, "நாங்கள் மறைக்கச் சொல்லவில்லை. அப்பாவிடம் நீங்களே பேசுங்கள், நாங்கள் பக்கத்தில் இருக்கிறோம். கூட்டம் குறைந்த நேரமாக, உட்கார்ந்து பேசும்படி ஒரு இடம் தர முடியுமா?" என்று கேட்கட்டும். பெரும்பாலான மருத்துவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். மருத்துவருக்குத் தமிழ் சரளமாக வராவிட்டால், மொழிபெயர்ப்பை அண்ணன் செய்ய வேண்டாம். மூத்த செவிலியர் ஒருவரைக் கேளுங்கள். அம்மாவையும் அழைத்துப் போங்கள். வீட்டுக்குப் போனதும் அப்பா யாரிடம் பேசுவாரோ அவர் அந்த அறையில் இருந்திருக்க வேண்டும்.

அன்று அப்பா முழுவதையும் கேட்டுக்கொள்ள மாட்டார். நோயின் பெயர் காதில் விழுந்த பிறகு சொல்வது எதுவும் பலருக்கு மனத்தில் நிற்பதில்லை. ஆகவே கையெழுத்தை அன்றே வாங்காமல், படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து தமிழில் வாசித்துக் காட்டிவிட்டு, மறுமுறை போகும்போது போடட்டும். ஏதாவது ஆய்வில் சேரச் சொன்னால் அதற்குத் தனிப் படிவம், தனி விளக்கம் உண்டு. சேர மறுத்தாலும், சேர்ந்து பாதியில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது என்பது விதி.

வலி தணிப்பு மற்றும் ஆதரவு சிகிச்சைப் பிரிவு அந்த மருத்துவமனையில் இருக்கிறதா என்று முதல் மாதத்திலேயே விசாரியுங்கள். அது கடைசி நாட்களுக்கு மட்டுமானது என்று நினைத்துப் பலர் தாமதமாக வருகிறார்கள். வாந்தி, பசியின்மை, தூக்கமின்மை, பயம் எல்லாவற்றையும் அவர்கள் பார்ப்பார்கள்.

பின்னாளில் அப்பாவே பேச்செடுத்தால் இன்னொன்றும் உண்டு. நினைவு தப்பிய நிலையில் வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றது. அப்போது நீதித்துறை நடுவரிடம் போக வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு அதிகாரி முன்னிலையில் எழுதினால் போதும் என்று மாற்றினார்கள். இதை நீங்களாகத் தொடங்க வேண்டாம். அவர் கேட்டால் வழி இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சைப் பதிவுகளின் நகலை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002 விதிகள் சொல்கின்றன. வேறு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்க விரும்பினால் அது உதவும். விண்ணப்பத்தில் அப்பாவின் கையெழுத்தே இருக்கட்டும். மருத்துவர் பேசும் நாளில் வீடியோ அழைப்பில் நீங்களும் இருக்கலாமா என்பதை மட்டும் அண்ணனிடம் கேட்காதீர்கள், அப்பாவிடம் கேளுங்கள்.